பெயர் சொல்லாத ஜெபம்

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு சபைக்குள் எவ்வளவு வம்பு நடமாட முடியும் என்பது ஐயர் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஐயரம்மா. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் ஒரு அம்மா பக்கத்தில் வருவார். குரல் இறங்கும். "ஐயரே, ஜெபத்துக்காகத்தான் சொல்லுதேன். வேற யார்ட்டயும் சொல்லிராதீங்க." அதற்குப் பின்னால் வருவது மேலத்தெரு வீட்டு மருமகளின் கதையாக இருக்கும். அந்த அம்மா சொல்வதில் பொய் இருக்காது. ஜெபிக்க வேண்டும் என்ற எண்ணமும் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அதே குறிப்பு அதற்குள் ஐயரம்மாவுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளருக்கும், பால் ஊற்றுகிறவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த மருமகள் கோயிலுக்குள் நுழையும்போது, அவளுக்காக ஜெபித்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால் மன்றாட்டு ஜெபத்தில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வியாதிக்காரர், பரீட்சை எழுதும் பிள்ளைகள், துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ புறப்படுகிறவர்கள் என்றால் பெயர் சொல்வேன், அதுவும் அவர்களோ வீட்டாரோ கேட்டிருந்தால் மட்டும். குடி, கடன், புருஷன் பெண்டாட்டி சண்டை, கோர்ட்டு வழக்கு என்றால் பெயர் வராது. குடும்பங்களின் சமாதானத்துக்காக என்று சொல்லிக் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த இடைவெளியில் அவரவருக்குத் தெரிந்த பெயரை அவரவர் மனசுக்குள் வைத்துக்கொள்ளட்டும். சிலருக்கு இது பிடிக்கவில்லை. "பேர் சொல்லி ஜெபிச்சாத்தான் ஐயரே வல்லமை" என்றான் வாலிபர் கூட்டத்துப் பையன் ஒருவன். கடவுளுக்கு விலாசம் தெரியும் தம்பி என்றேன்.

ஐயர் வேலையில் முக்கால்வாசி பேச்சுதான். பிரசங்கம் அதில் சிறு பங்கு. கமிட்டியில் பேச வேண்டும், சாவு வீட்டில் பேச வேண்டும், நிச்சயதார்த்தத்தில் இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் உட்கார்ந்து பேச வேண்டும். குருத்துவக் கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார்கள், சபை வரலாறு சொல்லிக்கொடுத்தார்கள், பிரசங்கத்தை மூன்று தலைப்பாகப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வாக்கியத்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்கு அங்கே பாடம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

கத்தோலிக்கக் கோயில்களில் உள்ளதுபோல் எங்களிடம் பாவசங்கீர்த்தனத் தொட்டி கிடையாது. அதனால் எங்கள் ஜனங்கள் மனசைத் திறக்கிற இடம் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐயர் குடியிருக்கும் குருமனைத் திண்ணையாக இருக்கலாம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும் வழியாக இருக்கலாம். ஞானஸ்நானச் சான்றிதழுக்குக் கையெழுத்து வாங்க ஒருவர் வருவார். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகும் போக மாட்டார், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார். அப்போது பேனாவை மூடிவிட வேண்டும். கையில் பேனா இருந்தால் ஆள் பேச மாட்டார். எழுதிவிடுவோம் என்று பயம்.

தப்பு செய்த சகோதரனிடம் எப்படிப் போக வேண்டும் என்று மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒழுங்கு இருக்கிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். எங்கள் ஊர்களில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதலில் சபைக்குத் தெரியும். அப்புறம் இரண்டு மூன்று பேர் திண்ணையில் கூடித் தீர்ப்பு எழுதுவார்கள். கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவன் காதுக்கு வரும், அதுவும் அவன் மச்சான் மூலமாக. வள்ளுவர் புறங்கூறாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 19ஆவது அதிகாரம். எங்கள் கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்தப் பத்துக் குறளையும் தப்பில்லாமல் ஒப்பிப்பார். ஒப்பித்துவிட்டு, "அது கிடக்கட்டும் ஐயரே, விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்.

பிரசங்கத்தில் உதாரணம் சொல்வதிலும் வாய்க்குக் கட்டு வேண்டும். ஊரில் நடந்ததைச் சொன்னால் முகம் தெரிந்துவிடும். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, ஆணைப் பெண்ணாக்கிச் சொன்னாலும் தெரிந்துவிடும். போன சேகரத்தில், அதாவது முன்பு நான் ஐயராக இருந்த சபைகளில், நடந்ததுதானே, இங்கே யாருக்குத் தெரியும் என்று நினைப்பதும் சரிவராது. முதலூரில் பெண் எடுத்தவன் மெஞ்ஞானபுரத்தில் இருப்பான், அவன் தங்கச்சி நாசரேத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பாள், சாயர்புரத்தில் சித்தி இருப்பாள். பிரசங்கம் முடிந்து நான் அங்கியைக் கழற்றுவதற்குள் செல்போனில் போய்விடும். எனக்கு உதாரணம் வேண்டியிருந்தால் வேதத்தில் உள்ள பாவிகளை எடுத்துக்கொள்வேன். தாவீதின் பேரன் பேத்தி யாரும் எங்கள் சேகரத்தில் பெண் எடுக்கவில்லை.

அந்தத் தலைமையாசிரியர் அண்ணாச்சியோடு எனக்கு நடந்த ஒரு கமிட்டிக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போன ஒரு பெண் கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்பி வந்தாள். கழுத்தில் தாலி இல்லை. அவள் அப்பா குருமனைக்கு வந்து, பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பேசும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி இப்படிப்பட்ட காரியங்களில் திருவிருந்தை நிறுத்துவார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். அதன் பிறகு ஏற்றுக்கொள்வார்கள். இந்த முறையில் ஒரு நேர்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்: ஏற்றுக்கொண்டோம் என்றால் ஏற்றுக்கொண்டதுதான், கணக்கு முடிந்தது என்பது சட்டம். நடைமுறையில் முடியாது. முன்னால் நின்றதுதான் ஊருக்கு ஞாபகம் இருக்கும். ஏற்றுக்கொண்டது யாருக்கும் ஞாபகம் இருக்காது. இதில் ஆண்கள் எத்தனை பேர் அப்படி நின்றார்கள் என்று கேட்டால் கமிட்டியில் எல்லாரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

கமிட்டியில் அண்ணாச்சி எழுந்தார். "ஞானஸ்நானம் குடுக்க வேண்டாம்னு சொல்லல. அதுக்கு முன்னால அந்தப் பிள்ளை சபைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது. மத்த பிள்ளைகளும் பாக்குதுல்லா."

நான் மினிட் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். "எந்த வார்த்தை அண்ணாச்சி? நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிடுதேன். அதைத்தான் அவ படிப்பா."

"அதான்... இன்னார் மகள் இன்னாராகிய நான்..." என்று ஆரம்பித்தார். எழுதினேன். அடுத்ததுக்காகக் காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். ஏதோ ஒரு சொல்லை எடுத்தார், உடனே வேண்டாம் என்று கையை ஆட்டினார். வேறொன்று எடுத்தார். அவர் நாற்பது வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவர், சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்தில் இருந்த பொருளாளர் ஒரு சொல் எடுத்துக்கொடுத்தார். அண்ணாச்சி அவரை முறைத்தார். அந்தச் சொல் அப்படி. திண்ணையில் எல்லாரும் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல்தான். சிவப்பு அட்டை போட்ட புத்தகத்தில் மையால் எழுதப்போகிறோம் என்றதும் அதற்கு நாற்றம் வந்துவிட்டது.

"இந்தப் புத்தகம் பீரோவுல நூறு வருஷம் இருக்கும் அண்ணாச்சி. அந்தக் கைக்குழந்தையே ஒருநாள் கமிட்டி மெம்பராகி இதைப் புரட்டிப் பாக்கலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் உட்கார்ந்துகொண்டே, "பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தீர்மானிக்கப்பட்டதுன்னு மட்டும் எழுதுங்க" என்றார். முதல் வரியை இரண்டு கோடு போட்டு அடித்துக் கையெழுத்து வைத்தேன். ஞானஸ்நானத்தன்று அவர் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். அவர் வீட்டம்மா வந்து ஞானத்தாயாக நின்றார்கள். அண்ணாச்சி கடைசிவரை அந்தத் தீர்மானம் தவறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடம் மட்டும், தனியாக. மத்தேயு 18இன்படி அது சரிதான்.

சபை முன்னால் நிறுத்துவதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் ஆதித் திருச்சபையின் கட்டுப்பாட்டைச் சொல்வார்கள். நெல்லைத் திருச்சபையின் ஆதியைச் சொன்னால் எனக்குக் கிளாரிந்தாதான் ஞாபகத்துக்கு வருவார். தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தி பிராமண விதவை. பாளையங்கோட்டையில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். முறையான விவாகம் இல்லாத வாழ்க்கை என்பது காரணம். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல், அதே சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர்; முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. அவர் முயற்சியில் கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. ஊர் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றது. அ. மாதவையா 1915இல் அவரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

சுவார்ட்ஸ் முதலில் மறுத்தது சரியா என்று எங்கள் ஆட்கள் இன்றும் வாதம் செய்வார்கள். எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவு ருசி இல்லை. மறுத்தவரே திரும்பி வந்து கொடுத்தார் என்பதில்தான் என் கண் நிற்கும். மறுத்தபோது கதவைச் சாத்துகிற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால், கிளாரிந்தா மறுபடி அவரிடம் வந்திருப்பாரா? என்ன சொன்னார் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் திரும்பி வரத்தக்க விதமாகச் சொல்லியிருக்கிறார் என்பது தெரிகிறது. இல்லை என்று சொல்வது ஐயர் வேலையில் தவிர்க்க முடியாதது. ஆள் திரும்பி வந்து கதவைத் தட்டக் கூச்சப்படாத மாதிரி இல்லை என்று சொல்வதைத்தான் நான் வேலையின் நுணுக்கம் என்பேன்.

இனி கடிதம். சேகர குருவின் கடிதத்துக்கு வெளியில் யாரும் நினைக்காத மதிப்பு உண்டு. மிஷன் பள்ளியில் வேலை, விடுதியில் இடம், ஆஸ்பத்திரியில் சலுகை, வேறு சபைக்கு மாறுதல் என்று எல்லாவற்றுக்கும் குருமனை லெட்டர்பேடில் நாலு வரி வேண்டும். பெரும்பாலான ஐயர்மார் ஒரே நாலு வரியை எல்லாருக்கும் எழுதுவார்கள். நல்லொழுக்கமுள்ளவர், ஆலயத்துக்கு ஒழுங்காக வருபவர், அன்புடன் பரிந்துரைக்கிறேன். யாரும் அதை நம்புவதில்லை, ஆனால் அது இல்லாமல் உள்ளே விடுவதும் இல்லை.

ஒருவர் என்னிடம் கடிதம் கேட்டு வந்தார். அவர் சபையில் கணக்குப் பார்த்தவர். அசனப் பண்டிகைக்கு வசூலான பணத்தில் கை வைத்துவிட்டார். மகள் கல்யாணக் கடன். எங்கள் பக்கத்தில் அசனம் என்றால் சும்மா இல்லை, ஊர் முழுக்க ஒரே பந்தியில் சாப்பிடுகிற காரியம். அரிசியும் கறியும் வாங்க வைத்த பணத்தை எடுத்தவனைக் கொலைகாரனைவிட மோசமாகப் பார்ப்பார்கள். பனந்தோப்பை ஒத்திக்கு வைத்துக் கடைசிக் காசு வரை கட்டிவிட்டார். அது எனக்கு வெகு முந்தி இருந்த ஓர் ஐயர் காலத்தில் நடந்தது. நான் போனபோது அவர் கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவர். வெளியூர் விடுதி ஒன்றில் வாட்ச்மேன் வேலை காலி, கடிதம் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றார். "உள்ளதை எழுதினா வேலை கிடைக்காது ஐயரே, எனக்கே தெரியும்" என்றார்.

பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதத்தை நான் அந்த இரவு மறுபடியும் படித்தேன். மொத்தமே 25 வசனம். சிறையில் இருந்து எழுதியது. எஜமானை விட்டுப் போன ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும் கடிதம். படித்துப் பாருங்கள், ஒநேசிமுவின் பெயர் 10ஆம் வசனம் வரைக்கும் வராது. அதற்கு முன்னால் பிலேமோனின் அன்பைப் பற்றிப் பேசுகிறார், தன் வயதைச் சொல்கிறார், கட்டளையிட உரிமை இருந்தும் கெஞ்சுகிறேன் என்கிறார். அவன் என்ன செய்தான் என்று கடிதத்தில் எங்குமே நேராக இல்லை. ஏதாவது நஷ்டம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், என் கணக்கில் எழுதிக்கொள் என்று ஒரு 'ஆல்' போட்டுக் கடந்துவிடுகிறார். உடனே, என் கையாலேயே இதை எழுதுகிறேன், நான் கொடுத்துத் தீர்ப்பேன் என்கிறார். கைச்சாத்து மாதிரி. அந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்பட்டதும் இல்லை. அப்பியாளுக்கும், அர்க்கிப்புவுக்கும், அந்த வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்து. சபை முழுக்கக் கேட்கப்போகிற கடிதத்தில் ஒரு அடிமையின் குற்றத்தை விவரிக்காமல், அவன் கடனை மட்டும் ஏற்றுக்கொள்கிற சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

காலையில் அவரை வரச்சொல்லி, என் முடிவைச் சொன்னேன். காசு புழங்கும் வேலைக்குக் கேட்டால் நடந்ததை எழுதாமல் கடிதம் தர மாட்டேன். அந்த விடுதி நடத்துகிறவர்களுக்கு நான் பொய் சாட்சி ஆகிவிடுவேன். வாட்ச்மேன் வேலைக்கு அது தேவையில்லை. இவரை எனக்குத் தெரியும், ராத்திரி விழித்திருப்பார், குடிப்பதில்லை, சொன்ன நேரத்துக்கு வருவார், பட்ட கடனைச் சொத்தை ஒத்திக்கு வைத்தாவது கட்டுகிறவர் என்று எழுதினேன். கடைசி வரியை அவர் இரண்டு முறை படித்தார். "இது எழுதணுமா ஐயரே? கடன்னு வந்தா ஏன்னு கேப்பாங்களே." கேட்டால் நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயால் சொல்லும்போது அது வேறு என்றேன். கீழே என் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். பவுலைப்போல என் கணக்கில் எழுதிக்கொள் என்று சொல்லுகிற அளவுக்குத் திருமண்டலத்தில் சம்பளம் கிடையாது.

கல்யாண விசாரிப்பு இதைவிடச் சிக்கல். ஓலை வாசிப்பதற்கு வெகு முன்னாலேயே போன் வரும். "ஐயரே, உங்க சபைப் பையன் ஒருத்தனுக்கு எங்க பிள்ளையைப் பேசுதோம். பையன் எப்படி?" மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, யாருக்காவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையில் கேட்போம், அப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை, எல்லாம் அதற்கு முன்பே போனில் முடிந்திருக்கும். குடித்துத் திருந்திய பையனைப் பற்றி என்ன சொல்வது? நல்ல பையன் என்றால் பெண்ணுக்குத் துரோகம். முன்னால் குடிப்பான் என்றால் பையனுக்கு அதோடு முடிந்தது. ஆகவே போன் வரட்டும் என்று காத்திருக்க மாட்டேன். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியதும் பையனைக் கூப்பிட்டு, இதை நீ சொல்ல வேண்டும், முதல் பேச்சிலேயே சொல்ல வேண்டும், வேண்டுமானால் நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்பேன். விசாரிக்கிறவர்களிடம், அவனைப் பற்றி அவனே சொல்வான், கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள், அவன் சொன்னது உண்மையா என்று நான் சொல்கிறேன் என்பேன். ஒரு பெண்ணின் அப்பா போனிலேயே கோபப்பட்டு வைத்துவிட்டார். இன்னொருவர் கேட்டுவிட்டு வந்தார், சம்மதித்தார். இரண்டும் நடக்கும்.

திருவிருந்தில் யாரைச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது என்பதற்கு 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. பகையோடு இருக்கும் இருவரில் ஒருவர் மனப்பூர்வமாக மன்னிக்கத் தயாராகி, மற்றவர் பிடிவாதமாக நின்றால், தயாரானவரைச் சேர்த்துக்கொள், பிடிவாதக்காரரைச் சேர்க்காதே. யாரையாவது நிறுத்தினால் 14 நாளைக்குள் பேராயருக்குத் தெரிவி. அந்த 14 நாள் எனக்குப் பிடித்த சட்டம். கோபத்தில் ஒருவனை விலக்கிவிட்டு மறந்துவிட முடியாது. காரணத்தை இன்னொருவர் படிக்கும்படி எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால் பாதிக் காரணம் ஆவியாகிவிடும், அண்ணாச்சிக்கு ஆனதுபோல.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபின் வந்த வழிபாட்டு முறையில் சமாதானம் கொடுப்பது என்று ஒன்று சேர்ந்தது. பீடத்திலிருந்து ஐயர் தொடங்க, கையோடு கை வைத்து வரிசை வரிசையாகப் பின்னால் போகும். வரப்புத் தகராறில் பேச்சை விட்ட அண்ணன் தம்பி இரண்டு பேர் எங்கள் சபையில் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்காருவார்கள். அப்பா உட்கார்ந்த பெஞ்சு, இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் பிள்ளைகள். அண்ணன் கை வைத்த சமாதானம் ஐந்து பிள்ளைகள் கை மாறித் தம்பிக்கு வரும். வருஷக்கணக்காக இப்படித்தான் அவர்களுக்குள் சமாதானம் நடந்தது. இதைப் பிரசங்கத்தில் சொல்லிப் பிழிந்தெடுத்திருக்கலாம், சொல்லவில்லை. பெஞ்சு காலியாகிவிடும்.

சாட்சி சொல்வதைப் பற்றியும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கன்வென்ஷன் கூட்டங்களில் மனந்திரும்பிய ரவுடி, மனந்திரும்பிய குடிகாரன் என்று நோட்டீஸ் அடித்துக் கூப்பிடுவார்கள். முதல் தடவை சொல்லும்போது அந்த மனுஷன் அழுவார், கேட்கிறவர்களும் அழுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஊர் ஊராகப் போய்ச் சொல்லச் சொல்ல, பழைய கதை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். இரண்டு குவார்ட்டர் நாலாகும், ஒரு வெட்டு மூன்றாகும். திருந்தி இருபது வருஷம் ஆனாலும் அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த நோட்டீஸ்தான் அப்பா. எங்கள் சேகரத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அவரிடம், அடுத்த பண்டிகைக்கு நீங்கள் சாட்சி சொல்ல வேண்டாம், பந்தலுக்கு மைக் செட் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பேராயர் வரும் நாளில் மைக் கரகரக்காமல் இருந்தால் அதுதான் எனக்குச் சாட்சி என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவிடம் மூன்று முறை கேட்டதை வைத்து, மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி என்று கணக்குப் போடாத பிரசங்கியார் கிடையாது. கணக்கு சரிதான். நான் கவனிப்பது வேறு. மீன் பிடித்துக் களைத்து வந்தவர்களை முதலில் சாப்பிட வைக்கிறார். பழைய ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கொடுக்கிறார். மாற்குவில் இன்னொன்று: கல்லறையில் இருந்த வாலிபன் பெண்களிடம், சீஷர்களுக்கும் பேதுருவுக்கும் போய்ச் சொல்லுங்கள் என்று பேதுருவின் பெயரைத் தனியாக எடுத்துச் சொல்கிறான். தப்பைச் சொல்லும்போது விட்ட பெயரை, வா என்று கூப்பிடும்போது சொல்ல வேண்டும். மேடையிலிருந்து பண்டிகை வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பெயரைத்தான் நான் முதலில் வாசிப்பேன்.

இவ்வளவும் சொன்னபிறகு, எல்லாவற்றையும் மூடி வைப்பதுதான் கிறிஸ்தவ அன்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சபைகளில் அப்படி ஒரு வியாதி உண்டு. பிள்ளைகளிடம் தவறாக நடந்தவன் விஷயத்தில், சபையின் பெயர் கெடும், அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, ஜெபித்து விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். அங்கே நிதானமான பேச்சுக்கு வேலை இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு மன்னிப்பு உண்டா என்றால் உண்டு, சிறையிலும் ஆண்டவர் இருக்கிறார். நான் போய்ப் பார்ப்பேன். ஓய்வுநாள் பாடசாலைச் சாவி அவன் கைக்குத் திரும்ப வராது. வாட்ச்மேன் கடிதத்தில் நான் போட்ட கணக்கும் இதே கணக்குத்தான்: இந்த ஆள் மறுபடி தவறினால் அடி யார் மேல் விழும்? அவர் மேலும் என் மேலும் மட்டும் விழும் என்றால் நான் துணிவேன். ஒரு பிள்ளை மேல் விழும் என்றால், இரண்டாம் வாய்ப்பு கொடுக்க எனக்கு உரிமை கிடையாது.

மாற்றல் வரும்போது ஐயர்மாருக்குள் பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒன்று நடக்கும். சாவிக்கொத்து, பதிவேடுகள், பாத்திர லிஸ்ட், வங்கிப் புத்தகம். கையெழுத்து முடிந்து ஐயரம்மா காபி கொண்டுவந்த பிறகு எழுதப்படாத ஒரு ஒப்படைப்பு நடக்கும். இன்னார் கலகக்காரன், இன்னார் கையில் காசு கொடுக்காதே, இன்னார் வீட்டுக்கு இருட்டிய பிறகு போகாதே. சேகரத்தில் ஆள் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும், இந்தப் பட்டியல் ஐயருக்கு ஐயர் கைமாறிக்கொண்டே இருக்கும். அசனப் பணம் எடுத்தவர் கடனைக் கட்டி முடித்த பிறகும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததற்கு இந்தக் காபிதான் காரணம். என்னிடம் பட்டியலை நீட்டிய ஐயரிடம், பண்டிகை முடியட்டும் ஐயா, அதுவரை எனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்றேன். அவர் சிரித்தார். "அனுபவிச்சுத் தெரிஞ்சுக்குவேன்னு சொல்லுதீரு" என்றார்.

நான் ஓய்வு பெற்றபோது எனக்குப் பின் வந்தவர் சின்ன வயசு, சுறுசுறுப்பானவர். காபி வந்ததும் நோட்டைத் திறந்துகொண்டு, "ஐயா, இங்க யாரு யாரு எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். கிழக்குத் தெருக் கடைசி வீட்டுப் பாட்டிக்குப் படி ஏற முடியாது, திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மணியடிக்கிற கோயில்பிள்ளைக்கு இடது காது மந்தம், வலது பக்கம் நின்று பேசுங்கள். மைக் செட் ஆளுக்குப் பண்டிகை அட்வான்ஸ் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், கேட்கக் கூச்சப்படுவார். சிறுபிள்ளைகள் சம்பந்தமாக எழுத்தில் இருக்கும் ஒரு கோப்பு டயோசிஸ் ஆபீசில் இருக்கிறது, அதைப் போய்ப் படியுங்கள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பேனாவை மூடாமல், "வேற?" என்றார். காபி ஆறுது, குடிங்க என்றேன்.